பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்குப் புதுசா வந்தவங்களுக்கு: குளிர்காலத்துல நகராட்சி அறிவிப்புகளை எப்படிப் படிக்கணும், என்ன பண்ணணும்

தமிழ்நாட்டுல இருந்தோ இலங்கைல இருந்தோ வேலைக்காக தென்னாப்பிரிக்கால இருக்கிற இந்த ஊருக்கு வந்திருக்கிற குருக்கள், மேளக்காரங்க, சமையல்காரங்க, ஆஸ்பத்திரிக்கும் யூனிவர்சிட்டிக்கும் வந்தவங்க எல்லாருக்காகவும் எழுதறேன். இங்க ஜூன், ஜூலை, ஆகஸ்ட் தான் குளிர்காலம். நம்ம ஊர்ல ஆடிக்காத்து அடிக்கிற நேரத்துல இங்க ராத்திரி பல்லு கிடுகிடுன்னு ஆடும், ஆனா மழை இருக்காது, பகல்ல வெயில் நல்லாவே அடிக்கும், அதனால காலைல வெளிய பாத்துட்டு "இது என்ன பெரிய குளிர்"னு நினைச்சிருவோம். சாயங்காலம் 5 மணிக்கு மேல தான் தெரியும். வீடுங்கள்ல சென்ட்ரல் ஹீட்டிங்னு எதுவும் கிடையாது, தரை டைல்ஸ் சில்லுன்னு இருக்கும். 1893 ஜூன் 7 ராத்திரி காந்தியை ரயில்ல இருந்து இறக்கி விட்டது இந்த ஊர் ஸ்டேஷன்ல தான், அன்னிக்கு வெயிட்டிங் ரூம்ல அவர் நடுங்கிக்கிட்டு உக்காந்திருந்ததும் இதே குளிர்ல தான். ஜூன் முதல் வாரத்துலயே அப்படி.

குளிரை விட முக்கியமான விஷயம் என்னன்னா, இந்த மூணு மாசத்துல தான் நகராட்சி கிட்ட இருந்து அறிவிப்பு மேல அறிவிப்பா வரும். கரண்ட் கட், தண்ணி கட், ரோடு மூடறது, தீ எச்சரிக்கை, ஜூலை 1ல இருந்து புது ரேட், வார்டு மீட்டிங், எல்லாம் ஒண்ணா வந்து குவியும். புதுசா வந்தவங்க இதை "நமக்கு என்ன, வீட்டு ஓனர் பாத்துக்குவாரு"ன்னு விட்டுடறாங்க. அப்படி விடாதீங்க, ஏன்னா கரண்ட் இல்லாம பச்சைக் குழந்தையோட உக்காந்திருக்கப் போறது நீங்க தான், ஓனர் இல்ல.

முதல்ல உங்க அட்ரஸை நகராட்சி கண்ணால பாருங்க

இந்த ஊரை நடத்தற நகராட்சி பேரு ம்சுண்டுசி. அறிவிப்புல பீட்டர்மாரிட்ஸ்பர்க்னு இருக்காது, ம்சுண்டுசின்னு தான் இருக்கும், அதைப் பாத்து வேற ஊர் நியூஸ்னு தள்ளி விட்டுடாதீங்க. ஊர் முழுக்க வார்டு வார்டா பிரிச்சிருக்கு, ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கவுன்சிலர். உங்க வார்டு நம்பர் தெரியலன்னா தேர்தல் கமிஷன் வெப்சைட்ல அட்ரஸைப் போட்டா வந்துரும், கவுன்சிலர் பேரும் அதுலயே கண்டுபிடிக்கலாம். நிறைய அறிவிப்புல ஏரியா பேரு கூட இருக்காது, வார்டு நம்பர் மட்டும் தான் இருக்கும், அதனால இந்த நம்பரை மனப்பாடமா வச்சுக்கோங்க.

அடுத்தது தெருப் பேரு. இங்க வருஷங்களுக்கு முன்னாடி நிறைய தெருப் பேரை மாத்திட்டாங்க. அறிவிப்புல லங்காலிபலேலே ஸ்ட்ரீட்னு இருக்கும், பக்கத்து வீட்டு ஆன்ட்டி லாங்மார்க்கெட் ஸ்ட்ரீட்னு சொல்வாங்க, ரெண்டும் ஒண்ணு தான், நம்ம சிவ சுப்பிரமணியர் மாரியம்மன் கோயில் இருக்கிற தெரு. ஓல்ட் கிரேடவுன் ரோடு இப்ப சோட்டா மோட்டாலா ரோடு, ரெய்ஸ்தார்ப், நார்த்டேல் பக்கம் இருக்கிறவங்க தினமும் போற ரோடு அது. பெர்க் ஸ்ட்ரீட் ஹூசன் ஹஃபெஜீ ஸ்ட்ரீட் ஆயிடுச்சு, லூப் ஸ்ட்ரீட் ஜாபு ந்ட்லோவு ஸ்ட்ரீட். இங்கயே பொறந்து வளர்ந்த நம்ம பெரியவங்க பழைய பேரைத் தான் சொல்வாங்க, அறிவிப்பு புதுப் பேர்ல வரும், நீங்க ரெண்டையும் ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிடுங்க. அதே பேப்பர்ல கரண்ட் மீட்டர் நம்பர், தண்ணி மீட்டர் நம்பர், நகராட்சி பில்லுல இருக்கிற அக்கவுண்ட் நம்பர் இதெல்லாம் எழுதுங்க. வாடகைக்கு இருக்கீங்கன்னா பில் ஓனர் பேர்ல இருக்கும், ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கோங்க. கம்ப்ளைன்ட் பண்ண போன் பண்ணினா முதல் கேள்வியே அக்கவுண்ட் நம்பர் இல்லன்னா மீட்டர் நம்பர் என்னன்னு தான்.

அறிவிப்பு எங்கெல்லாம் வரும்

நகராட்சியோட வெப்சைட், ஃபேஸ்புக் பேஜ், இது ரெண்டும் தான் மூலம். அங்க வந்தது தான் கவுன்சிலரோட வாட்ஸ்அப் குரூப்புக்கு வரும், அங்க இருந்து ஏரியா குரூப்புக்கு, அங்க இருந்து கோயில் குரூப்புக்கு. வர்ற வழில தேதி காணாம போயிடும், ஏரியா லிஸ்ட் பாதி கட் ஆயிடும், யாரோ ஒருத்தர் "ஊர் பூரா 3 நாள் தண்ணி இல்லையாம்"னு மேல ஒரு வரி சேர்த்து விட்டுடுவாங்க. 2021 ஜூலைல நம்ம குவாசூலு-நடால் மாகாணத்துல கலவரம் நடந்தப்போ கடைங்களையும் மால்களையும் சூறையாடி எரிச்ச அந்த வாரத்துல, உண்மையான தகவலை விட வதந்தி தான் வேகமாப் பரவிச்சு. அப்போ இங்க இருந்தவங்களைக் கேட்டுப் பாருங்க, சொல்வாங்க. அதனால குரூப்புல எது வந்தாலும் உடனே அடுத்தவங்களுக்கு அனுப்பாம நாலு விஷயம் பாருங்க: தேதி இருக்கா, எந்த வருஷம்னு இருக்கா (போன வருஷத்து போஸ்டர் ஒவ்வொரு ஜூன்லயும் திரும்ப சுத்தும்), எந்தெந்த ஏரியான்னு இருக்கா, ஆரம்பிக்கிற நேரமும் முடியற நேரமும் இருக்கா. இது எதுவும் இல்லன்னா நகராட்சி பேஜ்ல போய் பாருங்க, அங்க இல்லன்னா நம்பாதீங்க, முக்கியமா வேற யாருக்கும் அனுப்பாதீங்க.

போன் டேட்டா இல்லாதவங்களுக்கும் வழி இருக்கு. டவுன்ல பெஸ்ஸி ஹெட் லைப்ரரி இருக்கு, குளிர்காலத்துல உக்காந்து படிக்கவும் நல்ல இடம், நோட்டீஸ் போர்டையும் பாத்துட்டு வரலாம். 1846ல இருந்து வர்ற விட்னஸ் பேப்பர்ல பட்ஜெட், டாரிஃப் மாதிரி பப்ளிக் நோட்டீஸ் எல்லாம் வரும். லோட்டஸ் எஃப்எம் கேட்டா மாகாணத்துல பெருசா எது நடந்தாலும் தெரிஞ்சுரும், நம்ம பாட்டும் வரும். அறிவிப்பு இங்கிலீஷ்லயும் ஸூலுலயும் வரும், சில நேரம் ஸூலுல முதல்ல வந்துட்டு இங்கிலீஷ்ல தாமதமா வரும், அதனால அமான்சின்னா தண்ணி, உகெசின்னா கரண்ட், உம்லிலோன்னா தீ, இந்த மூணு மட்டும் தெரிஞ்சா கூட எதைப் பத்தின அறிவிப்புன்னு புரிஞ்சுரும்.

கரண்ட்: மூணு விதமான கட், மூணுக்கும் வேற வேற வேலை

புதுசா வந்தவங்க எல்லாத்தையும் லோட் ஷெட்டிங்னு சொல்றாங்க. அப்படி இல்ல. லோட் ஷெட்டிங்னா எஸ்காம்ங்கிற அரசு கரண்ட் கம்பெனி கிட்ட உற்பத்தி போதலன்னு நாடு முழுக்க ஸ்டேஜ் போட்டு முறை வச்சு நிறுத்தறது, 2023ல இது உச்சத்துல இருந்துச்சு, 2024 மார்ச் கடைசில இருந்து பெருமளவு குறைஞ்சுருக்கு. லோட் ரிடக்‌ஷன்னா உங்க ஏரியா டிரான்ஸ்ஃபார்மர் தாங்காதுன்னு காலைலயும் சாயங்காலமும் பீக் நேரத்துல அந்தப் பகுதிக்கு மட்டும் நிறுத்தறது. இதுல ரெண்டுலயும் கம்ப்ளைன்ட் பண்ணி பிரயோஜனம் இல்ல, டைம் டேபிளைப் பாத்து வேலையை மாத்திக்க வேண்டியது தான். மூணாவது ஃபால்ட். கேபிள் எரிஞ்சது, திருட்டுப் போனது, சப் ஸ்டேஷன் ட்ரிப் ஆனது. இதுக்குத் தான் போன் பண்ணணும், நீங்க சொன்னா தான் அவங்களுக்குத் தெரியும், "யாராவது சொல்லியிருப்பாங்க"ன்னு தெருவே சும்மா உக்காந்திருந்தா ராத்திரி பூரா இருட்டு தான். குளிர்ல எல்லாரும் ஒரே நேரத்துல ஹீட்டர் போடறதால இந்த மூணாவது வகை தான் ஜூன், ஜூலைல அதிகம்.

போன் பண்ணினா ரெஃபரன்ஸ் நம்பர் குடுப்பாங்க, குடுக்கலன்னா கேட்டு வாங்குங்க, அது இல்லாம போனை வைக்காதீங்க. தேதி, நேரம், பேசினவங்க பேரு, நம்பர், நாலையும் எழுதி வைங்க. அப்புறம் கவுன்சிலர் குரூப்புல போடும்போது "கரண்ட் எப்போ வரும்?"னு கேக்காம, "இந்தத் தெரு, இத்தனை மணில இருந்து இல்ல, இது ரெஃபரன்ஸ் நம்பர்"னு போடுங்க. முதல் மாதிரி கேட்டா அது அந்தக் கூட்டத்துல நூறோட நூத்தி ஒண்ணு, ரெண்டாவது மாதிரி போட்டா கவுன்சிலர் அதை அப்படியே டிப்பார்ட்மென்ட்டுக்குத் தள்ளிவிட முடியும். ஒரு தெருவுல 5 வீட்டுக்காரங்க 5 ரெஃபரன்ஸ் நம்பர் வச்சிருந்தா இன்னும் பலம்.

முன்கூட்டியே திட்டம் போட்டு நிறுத்தறதுக்கு தனி நோட்டீஸ் வரும். அதுல கடைசி வரில "எல்லா எலெக்ட்ரிகல் பாயின்ட்டையும் லைவ்னே (கரண்ட் இருக்குன்னே) நினைச்சு நடந்துக்கோங்க"ன்னு ஒரு வாக்கியம் இருக்கும். யாரும் படிக்காத வரி அது தான், ஆனா உயிரோட சம்பந்தப்பட்ட வரி. நோட்டீஸ்ல காலைல 8ல இருந்து சாயங்காலம் 4 வரைன்னு போட்டிருந்தாலும் வேலை சீக்கிரம் முடிஞ்சா 1 மணிக்கே கரண்ட் வந்துரும், சொல்லிட்டு வராது. "4 மணி வரைக்கும் இல்லைல்ல"ன்னு பல்பு ஹோல்டரைக் கழட்டறது, ஹீட்டர் வயரைப் பிரிச்சுப் பாக்கறது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

கரண்ட் போன உடனே டிபி போர்டுல (வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டில) கீசர் சுவிட்சை ஆஃப் பண்ணுங்க, ஹீட்டர், அடுப்பு எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க, ஒரே ஒரு லைட் சுவிட்சை மட்டும் ஆன்ல விடுங்க, கரண்ட் வந்தது தெரியறதுக்கு. ஏன்னா வந்த அடுத்த நிமிஷம் தெருவுல அத்தனை வீட்டு கீசரும் ஒண்ணா இழுத்தா திரும்ப ட்ரிப் ஆகும், அப்புறம் ஆள் வந்து சரி பண்ண இன்னும் பல மணி நேரம். வந்து ஒரு 15, 20 நிமிஷம் கழிச்சு கீசரைப் போடுங்க. சாயங்காலம் 5ல இருந்து 9 வரைக்கும் தான் நாடு முழுக்க பீக், அந்த நேரத்துல கீசர் ஆஃப்ல இருக்கிறது உங்க பில்லுக்கும் நல்லது.

ப்ரீபெய்டு மீட்டர் இருக்கிறவங்க கணக்கு போட்டுப் பாருங்க, 2000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினா 2 யூனிட், ராத்திரி 4 மணி நேரம் ஓடினா 8 யூனிட், மாசத்துக்கு அது மட்டும் 240 யூனிட். குழந்தை தூங்கற ரூமுக்கு மட்டும் போட்டு, மத்தவங்க கம்பளியும் ஹாட் வாட்டர் பேகும் வச்சு சமாளிக்கிற வீடு தான் இங்க நிறைய. டோக்கன் (காசு கட்டி வாங்கி மீட்டர்ல அடிக்கிற நம்பர்) ராத்திரி 10 மணிக்குத் தீர்ந்து போற மாதிரி வச்சுக்காதீங்க, நெட்வொர்க் இல்லன்னா வாங்கவும் முடியாது, 20 இலக்க நம்பரை நடுங்கற விரலோட இருட்டுல அடிக்கிறதும் கஷ்டம்.

இன்னொண்ணு, ஊருக்குள்ள எல்லா இடத்துக்கும் நகராட்சி தான் கரண்ட் குடுக்குதுன்னு இல்ல, சில பகுதிக்கு எஸ்காம் நேரடியா குடுக்குது. பில்லு, டோக்கன் ரசீது எந்தப் பேர்ல வருதோ அங்க தான் கம்ப்ளைன்ட்.

தண்ணி

இங்க மழை கோடைல, அதாவது நவம்பர்ல இருந்து மார்ச் வாக்குல. குளிர்காலம் வறண்ட காலம். ஊருக்கு மொத்தத் தண்ணியைக் குடுக்கிறது உம்ங்கேனி உதுகேலா வாட்டர், ஹோவிக் பக்கம் இருக்கிற மிட்மார் டேம் தண்ணி. தண்ணி உபயோகம் குறையற குளிர்காலத்துல தான் பெரிய பைப் வேலை எல்லாம் வச்சுக்குவாங்க, அதனால பிளான் பண்ணின ஷட்டவுன் நோட்டீஸ் வந்தா கோவப்படாம தேதியைக் குறிச்சுக்கோங்க. நோட்டீஸ்ல 24 மணி நேரம்னு இருந்தா நீங்க 48 மணி நேரத்துக்குப் பிடிச்சு வைங்க. காரணம் இருக்கு: வேலை முடிஞ்ச உடனே வீட்டுக்குத் தண்ணி வராது, முதல்ல ரிசர்வாயர் ரொம்பணும், பள்ளத்துல இருக்கிற தெருவுக்கு முதல்ல வரும், மேட்டுல இருக்கிறவங்களுக்குக் கடைசியா வரும். இந்த ஊரே மேடு பள்ளம் தான். தண்ணி டேங்கர் வர்ற இடம், நேரம் எல்லாம் கவுன்சிலர் குரூப்புல தான் வரும், மூடி இருக்கிற 20 லிட்டர் கேன் ரெண்டாவது வச்சுக்கோங்க, பக்கெட்ல தூக்கிட்டு வந்தா பாதி ரோட்டுல போயிடும்.

திரும்ப வர்ற முதல் தண்ணி காவி நிறத்துல வரும், தோட்டத்துக் குழாயைத் திறந்து தெளியற வரைக்கும் விடுங்க, அதை செடிக்கோ டாய்லெட்டுக்கோ பிடிச்சுக்கலாம். வாஷிங் மெஷின் அன்னிக்கு வேண்டாம், வெள்ளை வேட்டி எல்லாம் போயிடும். ரோட்டுல பைப் உடைஞ்சு ஓடறதைப் பாத்தா போட்டோ, லொகேஷன், பக்கத்து வீட்டு நம்பர் போட்டு ரிப்போர்ட் பண்ணி ரெஃபரன்ஸ் நம்பர் வாங்குங்க.

தீயும் புகையும்

இதை கொஞ்சம் நிதானமா படிங்க. நம்ம ஊர்ல குளிர்னா ஈரம், பனி. இங்க குளிர்னா காய்ஞ்ச புல்லு. ஜூன், ஜூலைல உறைபனி விழுந்து புல்லு எல்லாம் வெளுத்துப் போயிடும், ஆகஸ்ட்ல காத்து ஆரம்பிக்கும். டிராகன்ஸ்பர்க் மலைப் பக்கம் இருந்து பெர்க் விண்ட்னு ஒரு காத்து அடிக்கும், நடுக் குளிர்காலத்துல திடீர்னு ஒரு நாள் கோடை மாதிரி சூடா, வறண்டு இருக்கும், "அப்பாடா"ன்னு ஸ்வெட்டரைக் கழட்டுவோம், ஆனா அந்த நாள் தான் ஊருலயே ஆபத்தான நாள். அதுக்குப் பின்னாடியே கோல்ட் ஃப்ரண்ட்னு குளிர்ந்த காத்து வந்து சர்ருன்னு குளிர் இறங்கும்.

தீ அபாயத்தை நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு கலர்ல சொல்வாங்க. சிவப்பு நாள்ல வெளிய திறந்த தீ எதுவுமே கூடாது, பிராய் (வெளிய தீ மூட்டி கறி சுடறது) போடறது, குப்பை எரிக்கிறது, கொல்லைப்புறத்துல ஹோமம் பண்றது எதுவும் கூடாது, 1998ல போட்ட சட்டம் இருக்கு இதுக்கு. கோயில்ல பெரிய அடுப்பு வச்சு சமைக்கிறவங்க இதைக் கட்டாயம் பாக்கணும். அடுப்பைச் சுத்தி புல்லு செதுக்கி, பக்கத்துலயே தண்ணி டிரம், ஈர சாக்கு, ஒரு ஆள் நிக்கணும், சமையல் முடிஞ்சு கரியைத் தண்ணி ஊத்தி அணைச்சு கைய வச்சுப் பாத்து சூடு இல்லன்னு தெரிஞ்ச பிறகு தான் கிளம்பணும்.

வீட்டுக்குள்ள கரி அடுப்பு வச்சு ரூமை மூடிட்டுத் தூங்கறது உயிரையே எடுத்துரும். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்துலயே முடிஞ்சுரும், ஒவ்வொரு குளிர்காலமும் இந்த நாட்டுல இப்படி குடும்பம் குடும்பமா சாகறாங்க. கரண்ட் இல்லாத ராத்திரில பாரஃபின் ஹீட்டர் போட்டா ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கணும், தூங்கப் போகும்போது அணைச்சுரணும். சாமி விளக்கு கர்ட்டன் பக்கத்துல வேண்டாம், கீழ ஒரு தாம்பாளத்துல மணலோ தண்ணியோ வச்சு அது மேல வைங்க.

புகை விஷயம். இந்த ஊர் ஒரு கிண்ணம் மாதிரி, சுத்தி மலை. குளிர் ராத்திரில கனமான குளிர்ந்த காத்து கீழ தங்கிரும், மேல சூடான காத்து மூடி போட்ட மாதிரி நிக்கும், அதனால புகை வெளிய போகாது, காலைல ஊர் மேல பழுப்பா ஒரு படலம் தெரியும். 2020 ஜூலைல நியூ இங்கிலாந்து ரோடு குப்பைக் கிடங்கு தீப்பிடிச்சு எரிஞ்சப்போ ஊரே நாள் கணக்குல புகைல மூழ்கிச்சு. ஆஸ்துமா இருக்கிறவங்க, சின்னக் குழந்தைங்க இருக்கிற வீடு காலை வாக்கிங்கை வெயில் ஏறின பிறகு வச்சுக்கோங்க, ஆஸ்துமா பம்ப் (இன்ஹேலர்) தீர்ற வரைக்கும் காத்திருக்காம முன்னாடியே வாங்கி வைங்க.

அவசரத்துக்கு செல்போன்ல இருந்து 112, ஆம்புலன்ஸுக்கு 10177, போலீஸுக்கு 10111. ஃப்ரிட்ஜ் பேப்பர்ல இதையும் எழுதுங்க.

ஜூலை 1 வர்ற பில்லு

நகராட்சியோட கணக்கு வருஷம் ஜூலை 1ல ஆரம்பிச்சு ஜூன் 30ல முடியும். அதனால தண்ணி, கரண்ட், குப்பை, வீட்டு வரி எல்லாத்துக்கும் புது ரேட் ஜூலை 1ல இருந்து. அன்னிக்கு எல்லாரும் கத்தறாங்க, ஆனா அது முடிவானது அன்னிக்கு இல்ல. மார்ச் கடைசிக்குள்ள டிராஃப்ட் பட்ஜெட்டை கவுன்சில்ல வைக்கணும்னு சட்டம், அதுக்கப்புறம் ஏப்ரல், மே மாசத்துல மக்கள் கிட்ட கருத்து கேப்பாங்க, கூட்டம் போடுவாங்க, ஜூலைக்கு முன்னாடி பாஸ் பண்ணிடுவாங்க. அந்த ஏப்ரல், மே கூட்டத்துக்கு தான் போகணும், எழுதிக் குடுக்கணும். இந்த வருஷம் விட்டுட்டீங்கன்னா போன்ல மார்ச் கடைசிக்கு ஒரு ரிமைண்டர் இப்பவே போட்டு வைங்க.

ஜூலை பில் வந்த உடனே பாக்க வேண்டியது மீட்டர் ரீடிங். ஆள் வந்து எடுத்த ரீடிங்கா, உத்தேசமா போட்டதான்னு பில்லுலயே இருக்கும். உத்தேசம்னா உங்க மீட்டரை நீங்களே தேதியோட போட்டோ எடுத்து அனுப்புங்க. மாசா மாசம் 1ம் தேதி மீட்டர் போட்டோ எடுக்கிற பழக்கம் வச்சுக்கிட்டா எந்த சண்டையும் சுலபமா முடியும். பில் தப்புன்னு சந்தேகம் இருந்தா எழுத்துல குடுங்க, தகராறு இல்லாத பாக்கித் தொகையை மட்டும் நேரத்துக்குக் கட்டிருங்க, மொத்தமா கட்டாம நிறுத்தினா கனெக்‌ஷன் கட் ஆகற அபாயம் இருக்கு.

வருமானம் குறைவா இருக்கிற குடும்பங்களுக்கு மாசம் 50 யூனிட் கரண்டும் 6 கிலோலிட்டர் தண்ணியும் இலவசமா குடுக்கிறது இந்த நாட்டோட கொள்கை, ஆனா அது தானா வராது, பதிவு பண்ணணும், அப்பப்போ புதுப்பிக்கணும். உங்க தெருவுல பென்ஷனை மட்டும் நம்பி இருக்கிற ஒரு பாட்டி, ஒரு அங்கிள் கண்டிப்பா இருப்பாங்க, ஃபாரம் நிரப்பத் தெரியாம விட்டிருப்பாங்க. போய் ஒரு வார்த்தை கேளுங்க, ஐடி, பென்ஷன் ஸ்லிப், நகராட்சி பில் எடுத்துட்டு கூடப் போயிட்டு வாங்க. அரை நாள் வேலை தான், அவங்களுக்கு மாசா மாசம் மிச்சம்.

வார்டு மீட்டிங்குக்குப் போறது எப்படி

ஓட்டுப் போட குடியுரிமை வேணும், ஆனா கூட்டத்துல உக்காரவும் பேசவும் வேண்டாம். 2000ல வந்த முனிசிபல் சிஸ்டம்ஸ் சட்டத்துல உள்ளூர் சமூகம்னா அங்க குடியிருக்கிற எல்லாரும் அடக்கம். விசால இருக்கோம், நமக்கு என்ன உரிமைன்னு ஒதுங்கற ஆட்களைப் பாத்தா எனக்கு மனசு கஷ்டமா இருக்கு, தண்ணிக்கும் கரண்ட்டுக்கும் காசு குடுக்கறோம், தெருவுல நடக்கறோம், அப்போ பேசலாம்.

கூட்டம் பெரும்பாலும் ஸ்கூல் ஹால்லயோ கம்யூனிட்டி ஹால்லயோ சாயங்காலம் நடக்கும், ஹால் ஐஸ் மாதிரி இருக்கும், கம்பளி கொண்டு போங்க. வாசல்ல அட்டெண்டன்ஸ் ஷீட்ல பேரு, அட்ரஸ் எழுதுங்க, எத்தனை பேர் வந்தாங்கன்னு அதை வச்சு தான் கணக்கு. பேச வாய்ப்பு வந்தா ஒரே ஒரு விஷயம், ரெண்டு நிமிஷம், ரெஃபரன்ஸ் நம்பரோட. "எங்க தெருவுல மூணு லைட்டு எரியல, போல் நம்பர் இது, இந்தத் தேதில சொன்னோம்"னு சொன்னா மினிட்ஸ்ல (கூட்டக் குறிப்புல) ஏறும். "இந்த ஊர்ல எதுவுமே சரி இல்ல"ன்னா கைத்தட்டு கிடைக்கும், மினிட்ஸ்ல ஏறாது. கவுன்சிலருக்கு கீழ 10 பேர் வரைக்கும் வார்டு கமிட்டி இருக்கும், அதுல உங்க தெருவுக்குப் பக்கத்துல இருக்கிறவர் யாருன்னு அன்னிக்கே கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க, கவுன்சிலரைப் பிடிக்க முடியாத நாள்ல அவர் தான் கைகுடுப்பார்.

ஆடி மாசமும் ரோடுகளும்

நம்ம ஆடி இங்க நடுக் குளிர்காலம். மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தற வேண்டுதல் ஜூலை நடுவுல இருந்து ஊர் பூரா நடக்கும், பாரிட்ஜ் பிரேயர்னு சொல்வாங்க, 1860ல இருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவங்க விடாம கொண்டு வந்த வழக்கம், அம்மாவுக்கும் பேத்திக்கும் தமிழ் பேச்சு போயிருந்தாலும் கூழ் போகல. தெருவுலயோ பார்க்குலயோ நடத்தறதா இருந்தா ரோடு மூடவும், மைக்குக்கும், இடத்துக்கும் நகராட்சி கிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும், வாரக் கணக்குல டைம் எடுக்கும், ஆனி மாசமே லெட்டர் குடுத்துடுங்க. ஜூலை 18 மண்டேலா டேக்கு கம்பளி, சூப் குடுக்கிற வேலை எல்லா கோயில்லயும் நடக்கும், அதையும் கூழையும் சேர்த்து பண்ற கோயில் இருக்கு, புதுசா வந்தவங்க ஊர்க்காரங்களோட பழக இதை விட நல்ல இடம் இல்ல.

ஜூன் 16, ஆகஸ்ட் 9 ரெண்டும் அரசு விடுமுறை, ஞாயித்துக்கிழமை வந்தா திங்கக்கிழமை லீவு. ஆபீஸ் மூடியிருக்கும், குப்பை வண்டி நாள் மாறலாம், அந்த வார நோட்டீஸைப் பாருங்க. 1921ல ஆரம்பிச்ச காம்ரேட்ஸ் மாரத்தான் வழக்கமா ஜூன்ல, டர்பனுக்கும் நம்ம ஊருக்கும் நடுவுல கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். இங்க இருந்து கிளம்பற வருஷம் விடியறதுக்கு முன்னாடியே சிட்டி ஹாலைச் சுத்தி ரோடு மூடிருவாங்க. ஷிஃப்ட் வேலைக்குப் போறவங்க, காலை பூஜைக்கு டவுன் கோயிலுக்குப் போறவங்க ரோடு மூடற மேப்பை முந்தின நாளே பாத்து வச்சுக்கோங்க.

வானிலை எச்சரிக்கையும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு தான் வரும். 2024 ஜூன் 3ம் தேதி டர்பனுக்கு வடக்க இருக்கிற டோங்காட்ல டொர்னாடோ அடிச்சது குளிர்காலத்துல தான், அதனால "குளிர்காலத்துல என்ன புயல்"னு அலட்சியம் வேண்டாம். செப்டம்பர் வந்தாச்சுன்னு கம்பளியை மடிச்சு மேல போடவும் வேண்டாம், அதே 2024ல செப்டம்பர் 20, 21ல பனி கொட்டி வான் ரீனன் பாஸ்ங்கிற மலைவழிப் பக்கம் டர்பன்-ஜோகன்னஸ்பர்க் ஹைவே என்-3 மூடி, வண்டிங்க ராத்திரி பூரா ரோட்டுலயே நின்னுச்சு. ஜோகன்னஸ்பர்க் பக்கம் போறவங்க கிளம்பறதுக்கு முன்னாடி என்-3 டோல் கம்பெனியோட அப்டேட்டைப் பாருங்க, ஊரை விட்டு மேல ஏறற டவுன் ஹில், ஹில்டன் பக்கம் மூடுபனில மெதுவாப் போங்க, டேங்க் பாதிக்குக் கீழ இறங்க விடாதீங்க, வண்டில கம்பளி, தண்ணி, பிஸ்கட், போன் சார்ஜர் இருக்கணும், குழந்தைங்க இருந்தா ஃப்ளாஸ்க்ல பாலும்.